டீடெய்ன் நைனா

நைனா,

இன்று காலை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், சட்டைப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்தார். நான்காக மடித்திருந்ததைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, பின்பக்கம் எழுதத் தொடங்கினார். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூடம் நிறையப் பெற்றோர்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் அப்படியே நின்றேன். எனக்குத் தாகம் என்று நினைத்து ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துவோம். முதல்வர் வாழ்த்துவார், விதிமுறைகளைப் படிப்பார்கள், டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். நடுவில் அரை மணி நேரம் என்னுடையது. அதைச் சண்டை போட்டு வாங்கினேன். செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் எங்கிருந்து வருகிறது, அரியர் வைத்தால் என்ன ஆகும், வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டோனேஷனை யார் கேட்கலாம், ஹால் டிக்கெட் எதனால் நிற்கும் என்று கல்லூரிக்குள் புழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெறும் தமிழில் சொல்வேன். இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியுமே, பெற்றோருக்கு எதற்கு என்று அலுவலகத்தில் முதலில் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது, சிக்கலே அங்கேதான் என்றேன். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

காலண்டர் தாள்காரர் விடாமல் எழுதினார். அச்சடித்த தாள் எல்லோர் கையிலும் கொடுத்திருந்தோம். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் தாளில்தான் எழுதினார். கடைசிச் சொல்லாக டீடெய்னுக்கு வந்தேன். வருகை குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள், மேலே போகாமல் நிறுத்திவிடுவார்கள், அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். அவர் தலையைத் தூக்கி என்னை உற்றுப் பார்த்தார்.

"மேடம், நீங்க நம்ம குப்பத்து டீடெய்ன் நைனா பொண்ணுதான?"

ஆமாம் என்று தலையாட்டினேன், அவர் யார் வீட்டு ஆள் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "எங்க ஊர்ல ஒருத்தரு இருந்தாரு. பொண்ணு டீடெய்ன் ஆச்சினு ஊருக்கே பூந்தி வாங்கிக் குடுத்தாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னு அவருக்குத் தெரியாது. வெள்ளந்தி மனுசன்" என்றார். கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நைனா. உன்னைப் பார்த்திருந்தால் பிடித்துப்போயிருக்கும் என்கிற மாதிரியான சிரிப்புதான். ஆனாலும் அது என் காதில் சுட்டது.

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பூந்திக் கதையை நானே ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒரே ஒரு சாயங்காலத்தைத் தவிர நாம் இரண்டு பேரும் அதை வாய்விட்டுப் பேசினதே இல்லை.

குப்பத்திலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில். திரும்பி வரும்போது நீ வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாய். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னிக்கு இன்னா வார்த்த பாப்பா?"

ஒரு நாளைக்கு ஒரு சொல். நான் சொல்வேன், நீ காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துப் பின்னால் எழுதிக்கொள்வாய். அம்மா திட்டுவாள், இன்னும் பொழுது போகவில்லை, அதற்குள் நாளைக் கிழிக்கிறாரே என்று. உன் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும். நாலு வரி எழுதினால் தாள் நிறைந்துவிடும்.

எழுதிக்கொண்டதோடு விட மாட்டாய். அதை நம் ஏரிக்குள் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாய். செமஸ்டர் என்றால் ஆறு மாதம் என்றேன். "அப்போ வருசத்துக்கு ரெண்டு சீசன்" என்றாய். பெரிய தேர்வுக்கு முன்னாலேயே வகுப்பில் வாங்கும் மார்க் இன்டர்னல் என்றேன். "வலையத் தூக்கறதுக்கு முன்னாடியே கூடையில கொஞ்சம் மீனு" என்றாய். ஹெச்.ஓ.டி. என்றால் துறைத் தலைவர் என்றதும், நம் ஊர்த் தலைவர் முகம் ஞாபகம் வந்து, அவரும் இப்படித்தான் எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பாரா என்று கேட்டாய். அப்படியேதான் என்றேன்.

அரியரை மட்டும் உன்னால் லேசில் விட முடியவில்லை. தோற்ற பேப்பரை அடுத்த முறை எழுதலாம் என்று சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாய். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாம். அதைத்தான் பாடு என்கிறோம். உன் பாட்டு நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த நாள் போனதுதான். மறுநாள் அடுத்தவனுடையது, அவனிடம் போய்க் கேட்கக்கூடாது. "நம்மகிட்ட போன மொறை போனதுதான். வுட்ட மொறையத் திருப்பிக் குடுக்கறாங்களா உங்காளுங்க? ரொம்ப நல்லவங்களாக் கீறாங்களே" என்று சொல்லி, அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டாய்.

உனக்குச் சொல்லிக் கொடுத்த அழகுக்கு, எனக்கே அந்தச் சொற்கள் பாதி விளங்காமல்தான் இருந்தன என்று நீ நினைத்திருக்க மாட்டாய். தமிழில் படித்துவிட்டுப் போனவள். அசைன்மென்ட் சப்மிட் பண்ணியாச்சா, ஓ.டி. வாங்கினாயா, ரெக்கார்டில் சைன் ஆச்சா என்று மற்றவர்கள் சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். நான் புரிந்த மாதிரி சிரித்துவைப்பேன். பக்கத்தில் உட்கார்ந்த காட்டூர் செல்வியிடம் மட்டும் மெதுவாகக் கேட்பேன். அவள் அப்பா நெல் போடுகிறவர், அவளும் தமிழில் படித்தவள்தான். ஆனால் கேட்பதற்கு வெட்கமே படாதவள். நான் வெட்கத்திலேயே ஊறினவள்.

இரண்டாம் வருடம் ஒரு நாள், அடுத்த வாரம் செமினார் உன்னுடையது என்றார்கள். செமினார் என்றால் பெரியவர்கள் வந்து பேசுவார்கள், நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். அந்த வாரம் செல்வி வேறு அம்மை போட்டு வீட்டில் இருந்தாள். நல்ல பாவாடை தாவணி கட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். வா, வந்து பேசு என்றார்கள். என்ன பேசுவது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார்.

மறுநாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ரயில்களைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நீ. "இன்னிக்கு இன்னா வார்த்த பாப்பா?" பழைய நோட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் அதே பெஞ்ச். அம்மை இறங்கி வந்த செல்வி என்னைத் தேடிப்பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டு நாள் போவேன், மூன்றாம் நாள் பெஞ்சுக்கு வந்துவிடுவேன். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனது. கண்டோனேஷன் கேட்டு எழுதிக்கொடு, காரணம் சொல்லு என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். போன முறை போனதுதான், கேட்கக்கூடாது என்பது எனக்கும் ரத்தத்தில் ஊறிக் கிடந்ததோ என்னவோ, அரியருக்குத் திறந்த கதவு இதற்கும் திறக்கும் என்று எனக்குப் படவில்லை. நான் எழுதிக்கொடுக்கவில்லை. ஏரிக்கரைப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு ரோஷத்தில் படிப்பைத் தொலைத்திருக்க மாட்டார்கள்.

கல்லூரியிலிருந்து தபால் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் வழக்கம்போல என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாய். அந்த இடத்தில்தான் நைனா, நான் பொய் சொன்னேன்.

"டீடெய்ன் பண்ணிக்கீறாங்க நைனா."

"அப்டினா?"

"நல்லாப் படிக்கிறவங்கள மேல அனுப்பாம நிறுத்தி வெச்சிப்பாங்க. தனியா சொல்லிக்குடுக்கறதுக்கு. கொஞ்ச மாசம் வீட்ல இருக்கச் சொல்லுவாங்க, அப்புறம் கூப்புடுவாங்க."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். செமினாரில் வராத பேச்சு அன்று கொட்டியது. உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "அப்போ உன்ன வுட அவங்களுக்கு மனசில்ல" என்றாய். காலண்டர் தாளில் பெரிசாக எழுதிக்கொண்டாய்: டீடெய்ன், நல்லாப் படிக்கிறவங்கள நிறுத்தி வெச்சிக்கிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுப் பொன்னேரியில் ஏதாவது துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம், படிப்பு தானாக மறந்துபோகும் என்பது என் திட்டம்.

அடுத்த வாரம் பாட்டுக்குச் சீட்டு எடுக்கும் நாள். ஊர் ஆண்கள் எல்லோரும் கூடும் கூட்டம். அதற்கு நீ பூந்தி வாங்கிக்கொண்டு போனாய், எல்லோருக்கும் டீ சொன்னாய், எழுந்து நின்று, நம் குப்பத்திலிருந்து முதன்முதலாக டீடெய்ன் ஆனது என் பொண்ணுதான் என்று சொன்னாய். கை தட்டினார்கள். கூட்டத்துக்கு வெளியே நின்று கேட்ட அம்மா வந்து இதைச் சொல்லும்போது நான் குழம்பு கிளறிக்கொண்டிருந்தேன். மீன் உடைந்து சாறாகும் வரைக்கும் கிளறிக்கொண்டே இருந்தேன். பூந்தியோடு நீ கிளம்பும்போதே தடுத்திருக்கலாம். இல்லை, அன்று ராத்திரியாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் செல்வி என்னைப் பார்க்க வந்தாள். நீ அவளுக்காக நண்டு வாங்கி வந்தாய். சாப்பாட்டின் நடுவில், "நீயும் சீக்கிரம் டீடெய்ன் ஆகணும்மா, ரெண்டு பேரும் ஒண்ணாவே படிக்கலாம்" என்றாய். செல்வி கையில் நண்டுக்காலோடு என்னைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாய்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, வேலை இருக்கு என்றாய். நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுக்கக் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். பட்டணத்துக்கு ரயிலேறி, கல்லூரிக் கேட்டில் விசாரித்து, அலுவலகத்தில் யாரோ ஒரு பியூனிடம் காலண்டர் தாளைக் காட்டி, இந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தமா என்று நீ கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் வந்தாய். கையைக் காலைக் கழுவிக்கொண்டு கரைக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அடிப்பாய் என்று நினைத்தேன். நீ என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் அன்று அடிப்பாய் என்று நினைத்தேன்.

"பாட்டுல தப்புப் பண்ணவன் இன்னா செய்வான் பாப்பா?"

"கூட்டத்துல எழுந்து சொல்லுவான்."

"யாரு சொல்லுவாங்க?"

"அவனேதான் சொல்லணும்."

"சொல்ட்டு?"

"ஒரு மொறை வலை கட்டாம நிப்பான்."

"நின்னுட்டு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ காத்திருந்தாய்.

"மறுபடியும் வலை கட்டுவான்."

"அவ்ளோதான். அதுக்குப் பேருதான் டீடெய்ன்னு சொன்னாங்க ஆபீஸ்ல. ஒரு மொறை நிக்கணும், அப்புறம் கட்டலாம். இதுக்கா பயந்துகினே?"

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாய். ரீ-அட்மிஷன், மனு, பெற்றோர் கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்று யாரையோ விட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். கையெழுத்துப் போட வேண்டியதை அங்கேயே போட்டுவிட்டும் வந்திருந்தாய். ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்று கேட்டாய். செமினார் கதையைச் சொன்னேன். "அவங்க சிரிச்சா நீயும் சிரிச்சிருக்கலாம்" என்றாய். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது, "வுடு, குளுருது, வா" என்று எழுந்துவிட்டாய்.

நான் நினைத்தேன், கதை அதோடு முடிந்தது என்று. அடுத்த கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய். இதையும் அம்மாதான் வந்து சொன்னாள், முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே.

"போன கூட்டத்துல ஒரு விசயம் தப்பாச் சொல்ட்டேன். டீடெய்ன்னா பெருமை இல்லியாம். நாள் பத்தலைனு நிறுத்தறதாம். எம் பொண்ணு சரியாத்தான் சொல்லிச்சி. நாந்தான் மாத்திப் புரிஞ்சிகினேன். கூட்டத்துல தப்பாப் பேசினது தப்புதான், நான் ஒரு மொறை நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்து, இதுக்கெல்லாமா நிப்பாங்க, உட்காருய்யா என்றார்களாம். நீ ஒத்துக்கொள்ளவில்லை. இறால் நன்றாக ஓடுகிற சமயம். உன் பாட்டு நாள் வந்தது. மற்றவர்கள் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நீ கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாய். போகிற வருகிறவர்கள் எல்லாம், "இன்னா நைனா, நீயும் டீடெய்னா?" என்று கேட்டார்கள். "ஆமாம்பா, எங்க வூட்ல ரெண்டு பேரும் டீடெய்ன்" என்றாய். அன்று ஒட்டின பெயர். நீ போகிற வரைக்கும் அதுதான் உன் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாய், சிரிப்பாய்.

அன்று நான் வீட்டுக்குள் ஜன்னலோரம் நின்றிருந்தேன். உன் முதுகு தெரிந்தது. நிற்க வேண்டியவள் நான். எழுந்து சொல்ல வேண்டியவளும் நான். என் பொய்க்காக நீ நின்றாய். நின்றதோடு இல்லாமல், நான் சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்காகக் கூட்டத்தில் ஒரு பொய்யும் சொன்னாய். ஊரில் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லாமல், உன்னை விவரமில்லாதவன் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏரியின் ஒவ்வொரு திட்டும் தெரிந்த ஆளை, காற்று திரும்புவதை மற்றவர்களுக்கு முன்னால் சொல்கிற ஆளை.

மறு வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அவர்கள் என்னை அக்கா என்றார்கள். யாராவது ஒரு சொல்லுக்கு முழித்தால் நானே போய்ச் சொல்லிக் கொடுத்தேன். செமினாரில் பேசினேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். கரையில் உட்கார்ந்திருந்த உன் முதுகு என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு நீயும் அம்மாவும் வந்தீர்கள். என் கறுப்பு அங்கியின் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்து, வலை நூலைத் தேய்த்துப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இத திருப்பிக் குடுக்கணுமா?" என்றாய். ஆமாம் என்றேன். "பரவால்ல, தாளு நம்மளுது" என்றாய்.

உன்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, நைனா. நம் வீட்டில் அந்தச் சொல் புழங்காது. மேற்படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஓடிவிட்டேன். எனக்கு இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்த மறு வருடம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. அந்தப் பெயரை உன்னிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பல தடவை நினைத்துக் குப்பத்துக்கு வந்திருக்கிறேன். வந்ததும் யாராவது அன்பாக, "டீடெய்ன் நைனா பொண்ணு வந்துகீது" என்பார்கள். நான் சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன்.

நீ போன பிறகு, உன் மீனவர் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை அம்மா என்னிடம் கொடுத்தாள். உள்ளே உன் காலண்டர் தாள்கள். செமஸ்டர், இன்டர்னல், கோடு போட்ட அரியர். டீடெய்ன் தாளில் நான் சொன்ன பொய் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அப்புறம் எழுதினது, ஒரு மொறை நின்னுட்டு மறுபடியும் கட்டறது. மேலே இருந்ததை நீ அடிக்கவில்லை. ஒரு எழுத்தில் கை தவறினாலும் அடித்துவிட்டு எழுதுகிற ஆள் நீ. நான் சொன்னது என்பதற்காகவே விட்டுவைத்திருக்கிறாய். அந்தத் தாளை என் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். இன்று காலையும் இருந்தது.

இப்போது பதிலைச் சொல்கிறேன். கூடம் சிரித்து முடித்தது. வழக்கம்போல நானும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். முதல்வர் வேறு கடிகாரத்தைப் பார்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, அந்த ஆளின் முன்னால் போய் நின்றேன்.

"எங்க நைனாவுக்குத் தெரியாம இல்லண்ணா. அவருகிட்ட நான்தான் பொய் சொன்னேன். நல்லாப் படிக்கிறவங்களத்தான் டீடெய்ன் பண்ணுவாங்கனு சொன்னேன். அவரு நம்பினாரு. உண்மை தெரிஞ்சப்புறம் கூட்டத்துல என்னக் காட்டிக் குடுக்காம பழிய அவரு மேலயே போட்டுகினாரு. அவரு நின்ன மொறை என்னுது."

எத்தனை வருடமாகப் படித்த பெண்ணின் தமிழைப் பேசிக்கொண்டிருக்கிறேன், நைனா. அந்த நிமிஷம் நம் கரைப் பேச்சுதான் வந்தது. பின் வரிசையில் ஒரு பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தது கண்ணில் பட்டது. என் மாணவிதான்.

அந்த ஆள் பேனாவை மூடினார். அப்புறம், "எங்க நைனாதான் அப்போ பாட்டுக்குத் தலைவரு" என்றார். "சாவற வரைக்கும் ஒண்ணு சொல்லிகினு இருப்பாரு. 'அந்தாளு தப்பே பண்ணாம ஒரு மொறை நின்னாரு, தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல'னு. அவரு இன்னா தெரிஞ்சிகினு அப்டி சொன்னாருனு எனக்கு இப்பதாம்மா வெளங்குது."

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்தால் இன்னும் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். எல்லோருமாகச் சேர்ந்து, உனக்காக, பத்தொன்பது வயதில் நான் சொன்ன பொய்யை மூடி வைத்திருக்கிறார்கள். விவரமில்லாதவன் என்று உன்னைக் கூப்பிட்டார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எதை நினைத்து அந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். கேட்டால்தானே தெரியும்.

அவர் தாளைத் தொடையில் நேராக வைத்துக்கொண்டார். "அப்போ டீடெய்னுக்கு இன்னானு எழுதிக்கட்டும்?" என்றார். உன்னுடையதைச் சொன்னேன். ஒரு முறை நின்றுவிட்டு மறுபடியும் கட்டுவது. மெதுவாக, பெரிசு பெரிசாக எழுதிக்கொண்டார். அவர் மகள் முதலாண்டு. நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு கைப்பையிலிருந்து உன் தாளை எடுத்தேன். பழுத்துவிட்டது, மடிப்பில் கிழிகிறது. நல்லாப் படிக்கிறவங்கள நிறுத்தி வெச்சிக்கிறது என்ற வரியின் மேல் பேனாவை வைத்து ஒரே கோடாக அடித்தேன். அதை அடிக்க உனக்கு மனசு வரவில்லை. அது என் வரி, நான்தான் அடிக்க வேண்டும். கீழே உள்ளது உன்னுடையது. அதை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

உன் பாப்பா